காப்புக் கட்டிய கை

மார்ச் 4, செவ்வாய்

தூறல். கைபேசியின் கடவுச்சொல் மறுபடியும் மறந்துவிட்டது. மூன்றாம் தடவையும் தவறியதும் பூட்டிக்கொண்டது. மனைவி பவுலின் சிரித்தாள். "மடுவத்துல கையில கட்டுற பட்டி குடுக்கிறாங்களாமே, நீங்களும் ஒண்ணு கேளுங்க."

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இன்றுதான் தொடக்கம். இரகசிய இலக்கம் யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. கறையேறிய விரலை ரேகை மெசின் படிக்கவில்லை. இனிக் காலையில் பட்டியை வாங்கிக் கட்டி, மாலையில் கழற்றிக் கொடுக்க வேண்டும். அதை மெசினில் காட்டினால்தான் அன்றைய பேர் விழும், சம்பளமும் வரும்.

மார்ச் 5, புதன்

தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் இதே பேச்சு. வெளிநாட்டில் விழுங்குகிற குளிசையையே கடவுச்சொல்லாக்கப் பார்க்கிறார்களாம் என்று பத்திரிகையில் படித்ததைச் சொல்லித் தொலைத்தேன். குடத்தோடு நின்ற பழனியாண்டி விடவில்லை. "முழுங்குனது காலையில வெளிய போயிருமே சார். அப்புறம் பேரு யாருக்கு விழும், கக்கூஸுக்கா?"

கொழுந்து எடுக்கும் வேலாயி மட்டும் சிரிக்கவில்லை. "எங்க பாட்டன் கழுத்துல நம்பர் போட்ட தகரத்த மாட்டித்தான் இந்தியாவுலருந்து தோட்டத்துக்குக் கூட்டியாந்தாங்க. எனக்கு ரப்பரு."

மார்ச் 7, வெள்ளி

நேற்று அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். இன்று வேலாயியும் பல பெண்களும் பட்டியை வாங்கவில்லை. நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தும் பேர் இல்லை. வேண்டுமென்றே மறுப்பதாக, மெசினைப் பார்க்கும் கஜேந்திரன் தோட்டத்துத் துரையிடம் சொல்லிவிட்டாராம்.

வேலாயி வாசலில் வந்து நின்றாள். அழாத குறை. "மறுக்கல சார். காப்புக் கட்டுன கையில எதக் கட்டுனாலும் திருவிழா முடியிற வரைக்கும் அவுக்கக் கூடாது. சாயங்காலம் அவுத்துக் குடுன்னா எப்படி? எங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவங்க நீங்க. துரைகிட்டச் சொல்லுங்க."

நானா? துரையைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். வேதக்காரன், கிறிஸ்தவன் வேறு — காப்பைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி? "பார்க்கலாம்" என்றேன். கோழை.

மார்ச் 8, சனி

போனேன். பவுலின் கேட்காமலே சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள், வேறென்ன செய்ய?

காப்பின் விஷயத்தை ஒருவழியாகச் சொன்னேன். அதற்குமேல் ஒத்திகை பார்த்த ஆங்கில வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. தமிழில் ஒரு கேள்விதான் வந்தது. "பட்டி கையிலதான் இருக்கணுமா?"

துரை கஜேந்திரனைப் பார்த்தார். அவர் தலையைச் சொறிந்தார். "இல்ல… மெசினுக்குக் கிட்டக் கொண்டுவந்தாப் போதும்."

அவ்வளவுதானா! கூடைக் கயிற்றில் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. நேற்றைய பேரையும் போடச் சொன்னார் துரை.

மார்ச் 9, ஞாயிறு

வேதக் கோயிலுக்குப் போய்வந்தோம். கைபேசி இன்னும் திறக்கவில்லை. பரவாயில்லை.

மார்ச் 18, செவ்வாய்

திருவிழா முடிந்து காப்பும் அவிழ்த்தாயிற்று. பட்டியை மட்டும் யாரும் கைக்கு மாற்றவில்லை, கூடையிலேயே ஆடுகிறது. "கை எங்களோடது சார்" என்றாள் வேலாயி. போகிறவள் திரும்பி, "மழையில அந்த மெசின் படிக்க மாட்டேங்குது. நாளைக்கு எல்லாரும் துரைகிட்டக் கேக்கப் போறோம். நீங்க முன்னால நில்லுங்க."

"எத்தன மணிக்கு?" என்று கேட்ட பிறகுதான் யோசித்தேன்.