பெரிய மனுஷர் தோளில் ஒரு கை

மார்ச் 4, செவ்வாய்
அடையாள அட்டையில் மூன்றாம் கூடத்துக் காவலர் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் அங்கே சுவரில் ஓவியமாகத் தொங்கும் நூற்றைம்பது வருஷத்துப் பெரிய மனுஷருக்கு வாய் நான்தான். கறுப்புக் கோட்டு, மார்பில் பதக்கம், மடியில் தடிப் புத்தகம், ஒரு முறைப்பு. பேர் யாருக்கும் தெரியாது. அதனால் என்ன? நீதிபதி என்பேன். கூட்டம் வாயைப் பிளந்தால், ஏழு மொழி தெரிந்த நீதிபதி. இன்று அந்தப் பதக்கத்துக்காகக் கதையில் ஒரு புலியைக் கொன்றேன். கைதட்டினார்கள்!

மார்ச் 5
அருங்காட்சியக அதிகாரியம்மா காதில் விழுந்துவிட்டது. "மாமா, நேத்து புலி, போன வாரம் கப்பல் கவுந்துச்சு. அந்த மனுஷன் எப்பதான் தூங்கினாரு? இன்னொரு கதை கேட்டேன், உங்கள கிடங்குக் காவலுக்கு மாத்திடுவேன்."
கிடங்கில் யாருக்குக் கதை சொல்ல? எலிக்கா?

மார்ச் 6
வாயைத் திறக்கவில்லை. தாடை வலிக்கிறது.

மார்ச் 11
பேச வழியில்லாமல் நாள் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு மேற்கு ஜன்னல் வெயில் படத்தின்மேல் சாய்ந்து விழுந்தது. அவர் தோளில், கறுப்பு வண்ணத்துக்கு அடியில், மேடாக நாலு கோடு. விரல்கள்! பின்னால் யாரோ நின்றிருக்கிறார்கள். பூசி மறைத்துவிட்டார்கள்.
வீட்டுக்காரியிடம் சொன்னேன். "புலி போய் இப்ப பேயா? சாப்பிட வாங்க" என்றாள்.
அவளே நம்பவில்லையே. வேறு யார் நம்புவார்கள்?

மார்ச் 12
சும்மா இருந்தால் கூடம் மிஞ்சும். ஆனால் அந்தக் கை — எப்படிச் சும்மா இருப்பது? போய்ச் சொன்னேன். "அம்மா, புலி பொய். கப்பல் பொய். ஏழு மொழியும் பொய். இது மட்டும் சத்தியம். நாலு மணிக்கு வந்து பாருங்க."
வந்தார். மேகம் மூடிவிட்டது. ஒரு இழவும் தெரியவில்லை.
"திங்கக்கிழமைலேருந்து கிடங்கு, மாமா."

மார்ச் 14
நல்ல வெயில். நாலு மணிக்கு அதிகாரியம்மா தானாக வந்து ஜன்னலோரம் நின்றார். படத்தின் தோளையே உற்றுப் பார்த்தார். வெகுநேரம் கழித்து, "மாமா, ஒரு நாற்காலி போடுங்க" என்றார்.

ஏப்ரல் 22
ஓவியம் பழுதுபார்ப்பவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். ஒரு பெண். அவர் தோளில் கைவைத்துச் சிரிக்கிறாள். இத்தனை வருஷம் முறைப்பு என்று சொன்னேனே, மடையன்! சிரிப்பை அடக்குகிற முகமல்லவா அது!

மே 2
படத்துக்குப் பக்கத்தில் எக்ஸ்ரேயும் மாட்டியாயிற்று. மூன்றாம் கூடம் இன்னும் என் கூடம்தான். ஒரு அம்மா கேட்டார்: "யாருங்க அந்தப் பொண்ணு? எதுக்கு மறைச்சாங்க?"
நாக்கு நுனியில் மூன்று கதைகள் முண்டியடித்தன.
"தெரியாதுங்க" என்றேன். அதையும் கம்பீரமாகத்தான் சொன்னேன். "நாலு மணி வரைக்கும் இருந்தீங்கன்னா அவங்க கையைக் காட்டறேன்."
இருபது பேர் காத்திருந்தார்கள்.
சரி, ஆறு பேர்.