ஐந்து வருடம் என்று நான் சொல்லித் தந்தது

பீல், சுவிஸ்
12.10.1986

அன்புள்ள பெறாமகன் தவச்செல்வனுக்கு,

முதலில் உன் சுகத்தை எழுது, என் சுகம் பிறகு இருக்கட்டும். கொழும்பில் லொட்ஜை விட்டு வெளிக்கிடும்போது அடையாள அட்டையை மறக்காதே, சோதனை கடுமையாம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. உணவகச் சமையலறை இப்போது முழுக்க என் கையில்தான், முதலாளியே என்னைக் கேட்டுத்தான் உப்புப் போடுகிறார். உன்னைத் திருப்பியனுப்ப விமானத்தில் ஏற்றிய கிழமை, நீ வாசித்த ஹான்ஸின் ஜாஸ் குழு இங்கே வாசித்தது, நானூறு சனம், சரி, நாற்பது என்று வை, எல்லோரும் பேஸ் வாசிக்கிற தமிழ்ப் பொடியன் எங்கே என்று கேட்டார்கள். நீ நிற்கிற இடத்தை வெறுமையாக விட்டுத்தான் வாசித்தார்கள். புளூஸ் பாட்டுக்குக் கீழே நிலமில்லாத மாதிரி இருந்தது. உன் பேஸ் கிற்றார் என் கட்டிலடியில் பத்திரமாக இருக்கிறது.

மகன், அகதி விசாரணைக்குப் போன அன்று நீ சொன்னது காதை விட்டுப் போகுதில்லை. "சித்தப்பா, ஒரு குழுவில ஆள் வராத இடத்துக்கு ஒரேயொரு நாள்தானே கொழும்பு ஹோட்டலில வாசிச்சனான். மற்றபடி யாழ்ப்பாணத்தில வீட்டிலதானே பழகினனான்" என்றாய். "அஞ்சு வருசம் எண்டு சொல்லடா, கலைஞன் எண்டால் வெள்ளைக்காரன் எழும்பி நிண்டு பெர்மிட் தருவான்" என்றேன் நான். என் சொல்லைத் தட்டாமல் அப்படியே சொன்னாய். கொழும்பில் ஐந்து வருடம் பேரோடு வாழ்ந்தவருக்கு அங்கே ஆபத்தில்லை என்று மறுத்து எழுதிவிட்டார்கள். ஊரில் ஆமி உன்னைப் பிடித்துப் போனதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

போன திங்கள் ஹான்ஸையும் கூட்டிக்கொண்டு, உன் வழக்கைப் பார்க்கிற அப்புக்காத்தரிடம் போனேன். என்னைப் போல் ஜெர்மன் கதைக்கிற தமிழன் பீலில் இல்லை என்று உனக்குத் தெரியும், ஆனால் அன்று சொல்லுச் சொல்லாகத்தான் வந்தது. அந்த ஐந்து வருடமும் நான் கட்டிய கதை, பிள்ளை மேடையேறியது ஒரு நாள்தான் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன். மறுபடி விண்ணப்பிக்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் அப்புக்காத்தர். வெளியே வந்து ஹான்ஸ் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். பிறகு, "ஒரு நாள் மேடையேறியவனா எங்கள் எல்லோரையும் தாங்கிக்கொண்டு நின்றான்" என்று கேட்டார். நான் ஐந்து வருடம் கூட்டிச் சொன்னது உன்னைக் குறைத்துச் சொன்னதுதான் மகன்.

பிள்ளையார் உன் பக்கம் நிற்பார். நேரத்துக்குச் சாப்பிடு. இனி ஆர் கேட்டாலும் ஒரு நாள் என்றே சொல்லு.

உன்னை வளர்த்த சித்தப்பா,
க. பாலசிங்கம்