நான் போகாத மக்காத்தி

நேற்று, மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் புரோசார்டில் உள்ள சீனக் கடைக்குக் கலமான்சி வந்திருந்தது. கோலிக்குண்டு அளவுதான், ஆனால் எலுமிச்சைக்குச் சித்தப்பா. ஒன்றை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்தேன். "இது இல்லாம மக்காத்தியில ஒரு வாய் சோறு இறங்காது" என்று நீ சொல்வது காதில் கேட்டது. கடைக்காரி முறைத்தாள். கீறிய பாவத்துக்கு ஒரு பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மொன்றியல் நகர மையத்தில், எங்கள் காப்புறுதி அலுவலகத்துக்கு நீ தற்காலிக வேலைக்கு வந்த முதல் நாள் நினைவிருக்கிறது. வாசலில் நின்ற காவலாளியிடம் கைப்பையை விரியத் திறந்து நீட்டினாய். அவர் பாவம், உள்ளே இருந்த தயிர்ச்சாத டப்பாவைப் பார்த்து "போன்ஜூர்" என்றார்.

"அட, இங்க பாக்க மாட்டாங்களா?" என்று தமிழில் முணுமுணுத்தாய்.

"இஞ்ச ஒருத்தரும் பார்க்க மாட்டினம். நீர் ஏன் திறந்து காட்டுறீர்?" என்றேன், பின்னால் நின்ற நான்.

"நீரா? என்னங்க, ராஜா காலத்துல பேசுறீங்க!"

அன்றைக்கே சிநேகிதமாகிவிட்டோம். மணிலாவை ஒட்டிய மக்காத்தியில் நீயும் உன் கணவரும் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருந்தீர்களாம். அங்கே எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் காவலாளி ஒரு சின்னக் குச்சியைப் பைக்குள் விட்டுக் கிளறுவாராம். பழகிய கை கேட்குமா? தெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கப் போனாலும் பையைத் திறப்பாய். "மூடு, கள்ளி எண்டு நினைக்கப் போறாங்கள்" என்று நான் அதட்டுவேன்.

மாலையில் ஒரே பஸ்ஸில் புரோசார்டுக்குத் திரும்புவோம். பாலத்தில் ஏறியதும் நீ திரும்பி நகர மையத்தின் கட்டடங்களைப் பார்ப்பாய். "இவ்வளவுதானா? எங்க ஊருல இது ஒரு தெருவுக்குப் பத்தாது." பிறந்தது திருச்சி, எங்க ஊர் என்பது மக்காத்தி! பிறகு புராணம் தொடங்கும். பகலில் ஊரே பிதுங்குமளவுக்குச் சனம் வந்து சேரும், பொழுது சாய்ந்தால் வடிந்துவிடும். வாகனங்கள் கீழே நகராமல் நிற்க, ஆட்கள் மேலே கூரை போட்ட நடைபாலங்களில் கட்டடம் கட்டடமாகப் போவார்கள். ஒரு படிக்கட்டின் அடியில் ஒருவர் சப்பாத்துத் தைத்துக்கொண்டிருப்பார். கண்ணாடிக் கோபுரத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளித் தகரக் கூரைகள், கொடியில் காயும் உடுப்புகள். ஞாயிற்றுக்கிழமைக் கத்தோலிக்கப் பூசை கடைத்தொகுதிக்குள்ளேயே நடக்கும். முதலில் எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. பிறகு நானே "நேற்று எதில விட்டனீ?" என்று கேட்கத் தொடங்கினேன்.

உனக்கு நிரந்தர வேலை கிடைத்ததும், மக்காத்தியிலேயே இருந்த உன் கணவர் வந்து சேருவதாக ஏற்பாடு. அலுவலகமோ தற்காலிக ஒப்பந்தத்தையே நீட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது பனிக்காலத்தில் பழைய வங்கி உன்னைத் திரும்பக் கூப்பிட்டது. "நான் அங்க வரல, நீ வந்துடு" என்றார் அவர்.

"நீ சொல்லு, போகவா, இருக்கவா?" என்று பஸ்ஸில் கேட்டாய்.

இரு என்று சொல்லத்தான் வாய் உன்னியது. இந்த ஊரில் நான் வாய்விட்டுச் சிரித்தது உன்னோடு மட்டும்தான். "மனுசனோட போய் இரு" என்றேன். நான் சொன்னதைத்தான் செய்தாய், ஆனாலும் போன பிறகு உன்மேல் கோபமாக இருந்தது.

இனிச் சொல்வது உனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு ஒரு காலையில் உன் கணவர் தொலைபேசியில் வந்தார். "ஆபீஸ் போற வழியில, நடைபாலத்துப் படிக்கட்டுல மயங்கி விழுந்துட்டா. ஹார்ட்டாம். காப்பாத்த முடியல."

என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டேன்: "எந்தப் படி? சப்பாத்துத் தைக்கிறவர் இருக்கிற பக்கமோ?"

"ஆமா, அங்கதான். நீங்க இங்க வந்திருக்கீங்களா?"

"இல்லை. மூண்டு வருசமா பஸ்ஸில அவதான் என்னைக் கூட்டிக்கொண்டு திரிஞ்சவ."

அவர் உடைந்து அழுதார். எனக்கும் தாங்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் கார்ல போறவன்ங்க. இதுக்கு முன்னாடி அந்தப் பக்கமெல்லாம் நடந்ததே இல்ல. அவ வேற என்ன சொல்லியிருக்கா?" என்று கேட்டார்.

அந்தப் படியில் கதையைத் தொடங்கி இடப்பக்கமாகத் திரும்பினேன். இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தொலைபேசி எடுக்கிறார். அவர் குடியிருக்கும் ஊரை நான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.