மூன்று பீஸ் கட்டைகள்

ஐயம்பேட்டை
20-6-71

அன்புள்ள மாமாவுக்கு,

வேணி எழுதுகிறேன். நீங்கள் மெட்ராஸ் போய்ப் பத்து நாள் ஆகிறது. போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு கார்டு, அவ்வளவுதான். முப்பத்தெட்டு வயதில் காலேஜுக்குப் போனவருக்குப் பெண்டாட்டி ஞாபகம் எங்கே வரும்! தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "இன்னாம்மா, உன் ஊட்டுக்காரர் பையைத் தூக்கிக்கினு படிக்கப் போயிட்டாராமே" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சிரிக்கிறேன். உள்ளே பெருமையாகத்தான் இருக்கிறது. வாலாஜாபாத் பக்கம் கம்பம் ஏறுகிற ஒருவரை ஆபீசே லீவு கொடுத்து மின்சாரப் படிப்புக்கு அனுப்பியது இதுதான் முதல் தடவையாம். தம்பி ஆதிகேசவன் சொன்னான்.

உங்கள் இடத்தில் இப்போது அவன்தான் லைன்மேன். கீழே நிற்க அதே வீராசாமிதான். நேற்று ஆதி வேலை நடுவில் சாப்பிட வந்தான். இடுப்புத் துண்டில் டிரான்ஸ்பார்மரிலிருந்து பிடுங்கிய மூன்று பீஸ் கட்டை. தெருவே கரண்ட் இல்லாமல் புழுங்குகிறது, இவன் நிதானமாக ரசம் கேட்கிறான். "போட்டுட்டு வந்து துன்னேன்டா" என்றேன். "வேல பாதிலகீதுக்கா. கட்ட என் இடுப்புல இருந்தாத்தான் எவனும் கரண்ட்டு போட முடியாது. மாமா சொல்லிக்குடுத்தது" என்றான். நீங்கள் வைத்ததுதான் அவனுக்குச் சட்டம்.

தலைக்கு எண்ணெய் வையுங்கள். வகுப்பில் தூங்கிவிடாதீர்கள்.

உங்கள்
வேணி


சென்னை
18-8-71

அன்புள்ள வேணி,

உன் கோபம் நியாயம்தான். இங்கே மூச்சுவிட நேரமில்லை. முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பையன்கள் எல்லோரும் எழுந்து "குட்மார்னிங் சார்" என்றார்கள். நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும்தான் சிரிப்பு.

ஆனால் வேணி, பதினாறு வருஷம் கையில் பிடித்த மின்சாரம் எங்கே பிறக்கிறது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நிலக்கரி எரிகிறது, தண்ணீர் ஆவியாகிறது, ஆவி சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தப் படத்தை நோட்டில் வரைந்து முடித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ சிரிப்பாய்.

ஒன்று மட்டும் மனதில் உறுத்துகிறது. வெளியில் எப்படி வேலை செய்கிறீர்கள் என்று வாத்தியார் கேட்டார். அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. கட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறுவோம் என்றேன். வகுப்பே சிரித்தது. புத்தகத்தில் அப்படி இல்லை. ஏறுமுன் ஒரு சீட்டு, வேலை முடிந்ததும் கையெழுத்துப் போட்டு இன்னொரு சீட்டு. கட்டை கீழே நிற்கும் ஆளிடம் இருக்க வேண்டும். நாம் இத்தனை நாள் காட்டான்களாக இருந்திருக்கிறோம். பொங்கலுக்கு வரும்போது ஆதியையும் வீராசாமியையும் திருத்தப் போகிறேன்.

உன்
தர்மன்


ஐயம்பேட்டை
23-1-72

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. நீங்கள் விட்டுப்போன புதுச் சட்டம் மட்டும் சத்தமாக நடக்கிறது. ஆதி இப்போது சட்டைப்பையில் சீட்டுக் கட்டோடுதான் திரிகிறான். வேலை முடிந்தால் மேலிருந்தே ஒன்றைக் கிழித்துப் போட்டு, யாராவது போகிறவர் கையில் வீராசாமிக்கு அனுப்புகிறான். இடுப்புக் கனம் குறைந்ததாம்.

ஒன்று கேட்கட்டுமா? பொங்கலன்று நான் காப்பி கொண்டுவந்தபோது வீராசாமியிடம் நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்: "காயிதம் வந்தாத்தான் கட்டையைப் போடணும். காயிதம் வந்துடுச்சின்னா போட்டுடணும். வேற யோசனையே கூடாது." அவரும் கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க ஐயா" என்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாதே மாமா. உங்களுக்குத் தெரியாததா? ஏதோ தோன்றியது, எழுதிவிட்டேன்.

ஆதியின் மனைவி அன்னம்மாளுக்கு இது நாலாம் மாதம். மாங்காய் கேட்கிறாள். தை மாதத்தில் மாங்காய்க்கு எங்கே போவது!

உங்கள்
வேணி


ஐயம்பேட்டை
20-3-72

மாமாவுக்கு,

ஆதிக்குப் பால் தெளித்த மறுநாளே பரீட்சை என்று போய்விட்டீர்கள். நான் தடுக்கவில்லை. அப்போது யாரும் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே நேற்றுத்தான் முழுக்கத் தெரிந்தது.

அன்று ஆதி ரைஸ்மில் தெருவில் ஏறியிருந்தான். வீராசாமி அடுத்த தெருவில் டிரான்ஸ்பார்மர் கீழே மூன்று கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து கம்பம் தெரியாது. மில் ஆள் ஒருவன் சைக்கிளில் வந்து காகிதம் நீட்டினான். ஆபீசில் கொடுக்கச் சொல்லி மில்காரர் எழுதியது. நெல் ஊறிக் கிடக்கிறது, சீக்கிரம் கரண்ட் விடுங்கள் என்று. வீராசாமி வாங்கிப் பார்த்தார். காகிதம் வந்துவிட்டது. கட்டையைப் போட்டுவிட்டார்.

என் தம்பியை நாலு பேர் சேர்ந்து கீழே இறக்கினார்கள். அவன் இடுப்பில் வெறும் துண்டு இருந்தது.

வீராசாமியைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. அவர் பெண்டாட்டி என் வாசலில் வந்து விழுந்தாள். "தர்மன் ஐயா சொன்னபடிதான்மா செஞ்சாரு" என்கிறாள். ஆபீசில் யாரும் நம்பவில்லை. ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி காஞ்சிபுரத்தில் விசாரணை. நீங்கள் வந்து, ஆமாம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஆதி போனது போனதுதான். அந்த மனிதராவது வீடு திரும்பட்டும். வருவீர்கள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

வேணி


சென்னை
29-3-72

அன்பு வேணி,

உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வராது. விசாரணைக்காக என்னிடமும் எழுத்தில் கேட்டிருந்தார்கள். நான் அப்படி யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று பதில் அனுப்பிவிட்டேன். போய்விட்டது. இனி மாற்றினால் படிப்பும் போகும், வேலையும் போகும். நான் சொன்னால் ஆதி எழுந்து வருவானா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். பொங்கலுக்கு வந்தபோது அந்தப் பாடத்தில் பாதிதான் நடந்திருந்தது. மீதி பிப்ரவரியில் நடந்தது. சீட்டு மட்டும் போதாதாம். பீஸ் பெட்டியைப் பூட்டி, சாவியை ஏறுகிறவனே வைத்துக்கொள்ள வேண்டுமாம். கட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டதும் அதற்குத்தானே வேணி! நமக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கே ஆதிக்கு எழுத கார்டு எடுத்தேன். மாமா தப்பாகச் சொல்லிவிட்டார் என்று செக்‌ஷனே பேசுமே என்று வெட்கமாக இருந்தது. சித்திரைக்கு நேரில் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். அந்தக் கார்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

வீராசாமி குடும்பத்துக்கு வேறு வழியில் ஏதாவது செய்வோம். இரண்டு வருஷம் பொறு. நான் சூப்பர்வைசராக வந்துவிடுவேன். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

உன்
தர்மன்


ஐயம்பேட்டை
16-4-72

திரு. தர்மன் அவர்களுக்கு,

பன்னிரண்டாம் தேதி நானும் அன்னம்மாளும் முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் போனோம். அவளுக்கு இது ஏழாம் மாதம். அதிகாரி முன்னால் வீராசாமியை நிறுத்தியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "ஐயா வரலியாம்மா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். "பரீட்சையா இருக்கும்மா" என்றார். உங்களுக்காக அவர்தான் சமாதானம் சொன்னார்.

பொங்கலன்று நான் காப்பி கொண்டுவந்தபோது கேட்டதை அப்படியே சொன்னேன். பெண்டாட்டி சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது, எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். இருந்தது. கிழிக்கச் சொன்னீர்கள், நான் கிழிக்கவில்லை. உங்கள் கடிதத்தை மேஜைமேல் வைத்தேன். அவர் படித்து முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன். நடுவில் ஒரு தடவை அதைத் திரும்ப எடுக்கக் கை நீட்டிவிட்டேன். பதினைந்து வருஷம் உங்களோடு வாழ்ந்தவள்தானே.

வீராசாமியை நேற்று விட்டுவிட்டார்கள். ஆபீஸ் ஆட்கள் உங்களைத் தேடி வருவார்கள். படிப்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆதிக்கு நீங்கள் எழுதாத அந்தக் கார்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அதையும் கேட்பார்களாம்.

நான் அன்னம்மாளோடு இருக்கப் போகிறேன். இந்த வீட்டுச் சாவி வீராசாமியிடம் இருக்கும். நீங்கள் வந்தால் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாக அதிகாரி கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டுக் கொடுத்தார். வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

இப்படிக்கு,
கிருஷ்ணவேணி
ஆதிகேசவனின் அக்கா