பதினாறு நொடி

மசாகா,
11 ஜூன் 2020

என் அருமை நம்பூசிக்கு,

வீடே உறங்கிய பிறகு இப்படி அகாலத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பகலில் இந்தக் கடிதத்தை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்து வீட்டு சென்யோங்கா விடிந்ததும் லாரியில் மத்தோக்கே வாழைத்தார் ஏற்றிக்கொண்டு உங்கள் ஊர் அருவாவுக்குக் கிளம்புகிறார். உங்கள் மாவட்டம் எல்லையில் இருப்பதால் பஸ் இன்னும் விடவில்லை, லாரிக்காரர்தான் வரமுடியும். அவரைக் கண்டால் ஊரே பத்தடி தள்ளி நிற்கிறது, லாரிக்காரர்கள்தான் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று ரேடியோவில் சொன்னாலும் சொன்னார்கள், அவர் பெண்டாட்டியே அவரை லாரியிலேயே படுக்கச் சொல்லிவிட்டாள். கடிதம் கொடுத்துவிடலாமா என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "குடுங்க டீச்சர், என்னைத் தொடத்தான் எல்லாரும் பயப்படுறாங்க, காகிதத்துக்கு என்ன பயம்" என்று சிரித்தார். இங்கே நாங்கள் மூன்று பேரும் காய்ச்சல் இருமல் எதுவும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை வழக்கம்போல ஒரு வரியில் கேட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, கடிதம் முழுக்க அதைத்தான் கேட்கப்போகிறேன்.

ஸ்கோலாஸ்டிகா அத்தை முக்கோனோவிலிருந்து பேசினாள். பஸ் ஓட ஆரம்பித்த அன்றே மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன், இனி லுபோவாவோடு வாழமாட்டேன் என்று நீ சொன்னாயாம். "நான் ரத்தத்துல கெடந்தேன், அந்த மனுஷன் போனைக் கையில வச்சுக்கிட்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாரு, அவ்வளவுதான் செஞ்சாரு" என்று அழுதாயாம். உனக்குப் பிள்ளை போனது அந்த மூன்று நான்கு மணி நேரத்தில்தான் என்று நீ நினைக்கிறாய். உன்னை வராதே என்று சொல்ல நான் எழுதவில்லை, இது உன் வீடு, கதவு திறந்துதான் இருக்கும். ஆனால் அந்த மனிதரை விட்டுவிட்டு வருவதற்கு முன்னால் அன்றைக்கு நடந்ததில் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவரும் நானும். அவர் சொல்லமாட்டார். ஆகவே நான் சொல்லவேண்டும். சொல்வதற்கு இருபத்துநாலு நாள் ஆகியிருக்கிறது எனக்கு.

இந்த வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. பள்ளிக்கூடம் மார்ச்சில் பூட்டியது பூட்டியதுதான். ஆறாம் வகுப்புப் பாடத்தை நான் தாளில் எழுதி, படம் பிடித்து, போன் வைத்திருக்கும் பெற்றோருக்கு அனுப்புகிறேன். நாற்பத்தேழு பிள்ளைகளில் பதினோரு பேருக்குத்தான் போய்ச் சேருகிறது, மற்றவர்கள் காட்டில் களை பறிக்கிறார்கள். நம் வீட்டில் வாசல் பலாமரத்தைச் சுற்றி மட்டும்தான் நெட் வருகிறது என்பதால் போனை ஒரு பையில் போட்டு அந்தத் தாழ்ந்த கிளையில் மாட்டி வைத்திருக்கிறேன், உன் தங்கை கிசாச்யே அதற்கு "போன் வீடு" என்று பெயர் வைத்திருக்கிறாள். ஒன்பது வயதில் அவளுக்கு எல்லாம் விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை ரேடியோவில்தான். நற்செய்தி வாசிக்கும்போது உன் அப்பா ரேடியோவுக்கு முன்னால் எழுந்து நிற்கிறார், பேட்டரி தீர்ந்து பாதியில் நின்றுபோனாலும் முடியும் நேரம் வரை நின்றுவிட்டுத்தான் உட்காருகிறார். போன வாரம் கடைவீதிக்குப் போய் வந்தவர், எல்லாரும் வாயை மூடிக்கொண்டு, கை கொடுக்காமல், நேரே பார்க்காமல், எட்ட நின்று கும்பிடு போடுவதைப் பார்த்துவிட்டு, "நாடு பூரா மாமியாரும் மருமகனுமா ஆயிடுச்சு போ" என்றார். கிசாச்யே விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். என்னால் அதற்குச் சிரிக்க முடியவில்லை, ஏன் என்று அவருக்கும் அன்றைக்குத் தெரியாது.

மே பதினெட்டு, திங்கட்கிழமை. காலை பத்து மணி இருக்கும். நான் துணி துவைத்துவிட்டு, துணியை மார்போடு முடிந்து, தலையில் ஒன்றும் கட்டாமல், தோளெல்லாம் ஈரமாக வாசலில் உட்கார்ந்து மத்தோக்கே சீவிக்கொண்டிருந்தேன். உன் எண்ணிலிருந்து முகம் பார்க்கும் அழைப்பு வந்தது. கிசாச்யே மரத்திலிருந்து போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். நீதான் என்று நினைத்து ஈரக்கையால் தொட்டேன். திரை முழுக்க லுபோவாவின் முகம். நேருக்கு நேர், கண்ணுக்குக் கண். கல்யாணப் பேச்சு நடந்த அன்றுகூட நான் அறைக்குள் இருந்து அவருடைய செருப்பை மட்டும்தான் பார்த்தவள். மருமகன் முகத்தைப் பார்த்த மாமியாருக்கும் மாமியாரைப் பார்த்த மருமகனுக்கும் கை நடுக்கம் வரும், அது சாகும்வரை நிற்காது என்று சின்ன வயதிலேயே என் எலும்பில் ஏற்றிவிட்டார்கள். கல்லூரியில் படித்தவள், பிள்ளைகளுக்கு ஒளி என்றால் என்ன பிம்பம் என்றால் என்ன என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுகிறவள், அந்த நிமிஷம் அத்தனையும் எங்கே போனதோ தெரியவில்லை. போனைத் தோல் குப்பைக்குள் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டேன். கண்ணாடிக்குள் இருக்கும் ஒரு படத்துக்குப் பயந்து ஒளிந்தேன் நம்பூசி. அவர் "அம்மா" என்று கூப்பிட்டது கேட்டது. பிறகு அழைப்பு நின்றது. உன் போனில் பார், பதினாறு நொடி என்று இருக்கும்.

இரண்டாவது தடவை அடித்தது. "அம்மா, அக்கா போன் கத்துது" என்றாள் கிசாச்யே. "கத்தட்டும், தொடாதே" என்றேன். மூன்றாவது தடவையும் அடித்தது, அதையும் விட்டுவிட்டேன். தெரியாமல் முகம் காட்டிவிட்டதற்கு வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்கத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார், இதில் பேச என்ன இருக்கிறது, அவரும் அவமானப்படவேண்டாம் நானும் படவேண்டாம் என்று நினைத்தேன். பிறகு குரல் செய்தி ஒன்று வந்து விழுந்தது. அதையும் நான் திறக்கவில்லை. உன் அப்பாவின் பட்டன் போனைக் கரண்ட் இல்லாததால் கடைவீதியில் சார்ஜ் போடக் கொடுத்திருந்தோம், அதற்கும் அவர் அடித்துப் பார்த்திருக்கிறார். அத்தையின் போன் மத்தியானம் வரை அணைந்து கிடந்திருக்கிறது. பிள்ளைப்பேறு விஷயம் எதுவானாலும் அத்தையிடம்தான் கேட்கவேண்டும், பெற்றவளிடம் கேட்கக்கூடாது என்றுதானே நம் வழக்கம். அந்த வழக்கத்தை மீறித்தான் அவர் என்னைக் கூப்பிட்டார். இரண்டு மணிக்கு மேல் அத்தை கிடைத்து, அவள் போட்ட கத்தலில்தான் உன்னை வண்டியில் ஏற்றினார்கள். சாயங்காலம் அத்தை எனக்குச் சொன்ன பிறகுதான் அந்தக் குரல் செய்தியைத் திறந்தேன்.

நாற்பது நொடிதான். மனப்பாடமாகிவிட்டது, அப்படியே எழுதுகிறேன். "அம்மா, மன்னிச்சுக்குங்க, உங்க முன்னாடி வந்தது தப்புதான், அடிக்கணும்னா அப்புறம் அடிங்க. அவளுக்கு விடியக்காலையிலேர்ந்து ரத்தம் போகுது. பக்கத்து வீட்டு அம்மா தலைப்பிரசவம்னா அப்படித்தான் இருக்கும், பொறுத்துப் பாருங்கன்னு சொல்றாங்க. இவ ஆஸ்பத்திரிக்குப் போனா கொரோனா வந்துடும்னு வரவே மாட்டேங்கிறா, கையைப் பிடிச்சு இழுத்தா கடிக்கிறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா. போகலாமா இருக்கலாமா, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா." பின்னால் உன் குரலும் கேட்கிறது, யாருக்கு போன் பண்றீங்க என்று கேட்கிறாய்.

மறுநாள் நீ ஆஸ்பத்திரியிலிருந்து பேசியபோது, ஏம்மா எடுக்கல என்று ஒரே ஒரு தடவை கேட்டாய். நெட் போயிடுச்சும்மா என்றேன். அது பொய். பக்கத்தில் அவர் இருந்திருக்கிறார், அவரும் ஆமாம், நெட் இல்லை, கிடைக்கவே இல்லை என்று சொன்னாராம். அன்றைக்கு வாயைத் திறந்து, உங்க அம்மா என் முகத்தைப் பார்த்துட்டு போனைத் தூக்கிப் போட்டுட்டாங்க என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் கோபமெல்லாம் என் மேல் திரும்பியிருக்கும். சொல்லவில்லை. மாமியாரின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக, நீ இத்தனை நாளாகத் திட்டுவதையும், தனியாகச் சமைத்துத் தின்னச் சொல்வதையும், கிளம்பிவிடுவேன் என்பதையும் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறார். நான் என் மானத்துக்காகப் பொய் சொன்னேன், அவரும் என் மானத்துக்காகவே பொய் சொன்னார். நடுவில் நீ தப்பான ஆளை வெறுத்துக்கொண்டிருக்கிறாய்.

முன்னாலேயே போயிருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா என்று அத்தை டாக்டரிடம் போனில் கேட்டாளாம். யாராலும் சொல்லமுடியாது என்றாராம் டாக்டர். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அத்தை அதைச் சொன்னாள். பிழைத்திருக்காது என்று சொன்னால் அது ஆறுதல். சொல்லமுடியாது என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஒவ்வொரு நாளும் பத்து மணி வருகிறது. பதினேழு வயதில் உன்னைப் பெற்றபோது எனக்கு ஒன்றும் தெரியாது, மற்றவர்கள் சொன்னதைச் செய்தேன், நீ பிழைத்தாய். முப்பத்தெட்டு வயதில் போ என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை. அந்தக் குரல் செய்தியை உனக்கு அனுப்பிவிடலாம் என்று பல தடவை அதன் மேல் விரலை வைத்தேன். நீ தனியாக எங்கேயாவது நின்று அதைக் கேட்பாயே, கேட்டு முடித்ததும் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்களே என்று விரலை எடுத்துவிட்டேன். போனில் சொல்லலாம் என்றால், நீ என்னோடு பேசுவதே நல்லா இருக்கேன் என்ற இரண்டு சொல்தான், அதற்குள் இதை எங்கே நுழைப்பது. அதனால்தான் காகிதம்.

இன்றைக்கு உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முழுக்கக் கேட்டார். அப்புறம், "அந்தப் பையன் நல்லவன்டி" என்றார், அவ்வளவுதான், எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அத்தையிடமும் நாளை சொல்லுவேன். அவள் கத்துவாள், கத்தட்டும்.

உன்னிடம் நான் கேட்பது இரண்டு. இந்தக் கடிதத்தை அவரிடமும் கொடு, அவர் படிக்கட்டும், இனி யாருக்காகவும் அவர் பொய் சொல்லவேண்டாம். அடுத்தது, நீ சம்மதித்தால் நான் அவரோடு பேசவேண்டும், அத்தை வழியாக இல்லை, உன் அப்பா வழியாக இல்லை. முகத்தைப் பார்த்தே பேசுகிறேன். கை நடுங்கினால் நடுங்கிவிட்டுப் போகட்டும், இப்போது மட்டும் நடுங்காமலா இருக்கிறது. அதற்குப் பிறகும் நீ வரவேண்டும் என்றால் வா, யார் மேல் கோபப்படவேண்டும் என்று சரியாகத் தெரிந்துகொண்டு வா.

அத்தை சொல்லவேண்டியதை இந்தத் தடவை நானே சொல்லிவிடுகிறேன். மார்பில் பால் இன்னும் கட்டி வலித்தால் முட்டைக்கோஸ் இலையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து வைத்துக் கட்டு. குடத்தைத் தூக்காதே. மாத்திரையை நிறுத்தாதே, கடலைக் குழம்பும் கீரையும் சாப்பிடு, தனித்தனியாகச் சமைப்பதை விடு. காய்ச்சல் வந்தால் கொரோனா என்று பயந்து வீட்டுக்குள் கிடக்காமல் உடனே போய்க் காட்டு. குழந்தையை எந்த இடத்தில் வைத்திருக்கிறீர்கள், என்ன பெயர் சொல்லி வைத்தீர்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் ஜெபிக்கும்போது பெயர் இல்லாமல் தடுமாறுகிறேன். கடவுள் உன் உடம்பையும் மனசையும் தேற்றட்டும், உன்னோடு இருக்கிறவரையும் தேற்றட்டும். சென்யோங்கா ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து திரும்புகிறார், அவரிடம் நாலு வரி எழுதிக் கொடு. திட்டி எழுதினாலும் பரவாயில்லை.

சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா,
இம்மாகுலேட்