பிரிக்காத பட்டாசுப் பெட்டி

மாட்டுங்கா
ஜனவரி 9

சௌபாக்கியவதி விஜயலக்ஷ்மிக்கு ஆசிகள். நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

ரயில்வே ஓய்வூதியர் மலருக்குப் பிழை திருத்துகிறேன் அல்லவா? நேற்று அதில், 1984 குளிரில் நாம் வடக்கே இருந்தபோது நடந்த ரயில் மோதல் வந்தது. ‘பனிமூட்டத்தில் சிக்னலைக் கவனியாத டிரைவர் அப்துல் வாஹிதின் தவறு’ என்று போட்டிருக்கிறார்கள். செத்தவர் மறுக்க வரமாட்டார் என்ற தைரியம். பனி நாளில் சிக்னலுக்கு முன்னால் தண்டவாளத்தில் பட்டாசு வைக்க வேண்டும். சக்கரம் ஏறி அது வெடித்தால்தான் டிரைவருக்குச் சிக்னல் வருவது தெரியும். அன்று வைக்கவே இல்லை. மறுநாள் ஸ்டேஷனில் இருப்பு எண்ணியவன் நான். பெட்டியின் சீல்கூடப் பிரிக்கவில்லை.

மலர்ச் செயலாளர் கண்ணாவிடம் சொன்னேன்.

“ஜானே தோ மாமா, விட்டுடுங்கோ, நாப்பது வருஷம் ஆச்சு. யார் கேக்கப் போறா?”

“தாராவியில அவர் பொண்ணு ஃபர்ஸானா இருக்கா. அவளுக்கும் ஒரு மலர் போறதே.”

“ஆதாரம் இருக்கா?”

பரணில் தகரப்பெட்டிக்குள், நான் அந்த இருப்பைக் குறித்துவைத்த அந்த வருட டைரி இருக்கும். உடனே கூரியரில் அனுப்பு. கொஞ்சம் நார்த்தங்காயும் வை. தனியாகச் சாப்பிட எதுவும் இறங்கவில்லை.

உன்னிடம்கூடச் சொன்னதில்லை. விசாரணை அறிக்கையில் அந்த வரியை டைப் அடித்தவனும் நான்தான். இந்தத் தடவை அதைக் குறுக்கே அடித்துவிட்டேன், சிவப்பு மையால். திங்களன்று அச்சுக்குப் போகிறது.

மகாதேவன்