மகளிடம் முதலில் சொன்னாள்

செவ்வாய், ஆவணி 10

இன்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மனைவி செல்வியின் பின்னாலேயே நானும் பெண்கள் பரிசோதனை அறைக்குள் நுழைந்துவிட்டேன். "இன்னாங்க ஐயா, உங்களுக்கும் ஸ்கேனா?" என்றார் நர்ஸம்மா. வரிசையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

நர்ஸிங் படித்த மகள் கவிதாவை மட்டும் உள்ளே விட்டார்கள். மார்பில் கட்டி இருப்பதை இரண்டு மாதம் முன்பே செல்வி அவளிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் நேற்றுதான் சொன்னார்கள்.

பிறகு டாக்டரம்மா மூவரையும் உட்கார வைத்து விளக்கினார். பால் சுரப்பிகளைச் சுற்றித் தாங்கிப் பிடிக்கும் இணைப்புத் திசு இருக்கிறதாம். வயதுக்கு வரும்போது மார்பு வளர அதுதான் துணையாம். அதுவே இறுகிப்போனால் புற்றுநோய் வளரவும் துணை போகுமாம். செல்விக்கு அது அடர்த்தியாக இருப்பதால் ஸ்கேன் படத்தில் கட்டி சரியாகத் தெரியவில்லை. கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை முடிவு.

"மரவள்ளிக்கு மண்ணு மாதிரிங்களா?" என்று கேட்டேன்.

"நீ சும்மா இருப்பா" என்றாள் கவிதா.

"அவரு சொல்றது சரிதாம்மா" என்றார் டாக்டரம்மா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் செல்வி என் பக்கம் திரும்பவே இல்லை. மகளின் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குத் திரும்பும் வடக்கனந்தல் பஸ்ஸிலும் அவர்கள் இருவரும் ஒரே சீட்டில். நான் பின்னால், மருந்துப் பையோடு. பெற்ற மகளைப் பார்த்தே வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எங்கிட்ட ஏன் மொதல்ல சொல்லல?"

"உனக்குத் தெரிஞ்சா பயந்துக்கினு கெடப்பய்யா. சோறு எறங்காது."

தலையாட்டினேன். சித்திரையிலேயே அந்தக் கட்டி என் கையில் பட்டதையும், ஒன்றும் இருக்காது என்று திரும்பிப் படுத்துக்கொண்டதையும் சொல்லவில்லை.